யானைக் காவலுக்கு வோக்கி: வெல்லாவெளி வயல் பாதையில் குரல் எவ்வளவு தூரம் போகும்?

படுவான்கரையில் வேளாண்மை கதிர் முற்றும் காலம், காவல்காரருக்கு நித்திரை குறையும் காலம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தில் போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கும் இடம் வெல்லாவெளி. அதைச் சுற்றித் திக்கோடை, தும்பங்கேணி, காக்காச்சிவட்டை, மாலையர்கட்டு என்று காட்டோரமாக நீளும் ஊர்களில் யானை வருவது புதிய செய்தி இல்லை. ஆனைகட்டியவெளி என்று ஓர் ஊருக்குப் பெயரே இருக்கிறது. அன்று கட்டிவைக்கப்பட்ட மிருகம் இன்று கட்டுக்குள் இல்லை.

நாடு முழுவதும் நிலைமை மோசமாகத்தான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருப்பதாகச் சொன்னது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கும் மேற்பட்ட யானைகளும் 160க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தனர். இழப்பைக் குறைப்பதற்கு மின்வேலி, யானை வெடி, காவல் பரண் என்று பல வழிகள் கதைக்கப்படுகின்றன. தகவல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது அந்த அளவுக்குக் கதைக்கப்படுவதில்லை.

யானை மின்வேலியை உடைத்து உள்ளே வந்துவிட்டது என்று பரணில் இருப்பவர் கண்டால், அந்தச் செய்தி சில நிமிடங்களுக்குள் மூன்று தரப்புக்குப் போக வேண்டும். அடுத்த வயல் கண்டத்தில் காவல் இருப்பவர்கள், இருட்டில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருப்பவர்கள், யானை விரட்டும் வாகனத்தில் வரும் வனஜீவராசிகள் அலுவலர்கள் என்போரே அந்த மூன்று தரப்பு. கைப்பேசியில் ஒவ்வொருவராகத்தான் அழைக்க முடியும். சிக்னல் கோடுகள் ஒன்றும் இரண்டுமாக ஆடும் காட்டோரத்தில் அதுவும் உறுதியில்லை. வோக்கி டோக்கியில் ஒரு பொத்தானை அமத்தினால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். இடையில் கோபுரமும் வேண்டாம், மீள்நிரப்பு அட்டையும் வேண்டாம்.

ஆனால் செட்டை வாங்கி வாகனத்தில் பூட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குக் கேட்கும், எங்கே கேட்காது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல், கேட்கிறது என்ற நம்பிக்கையில் உதவி கேட்டவர் பதில் வராத இருட்டில் தனியே நிற்க நேரும்.

வெள்ளை வாகனமும் நீண்ட கம்பியும்

இப்பகுதி மக்களுக்கு வாகனத்தில் பூட்டிய தொலைத்தொடர்புக் கருவி அறிமுகமானது போர்க் காலத்தில். ஐ.நா. அமைப்புகளினதும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினதும் வெள்ளை நிற லாண்ட்குரூசர்களின் முன்பக்கத்தில் ஆடிக்கொண்டு நிற்கும் நீண்ட கம்பியைக் கண்டவர்கள் இங்கு அதிகம். அது எச்.எப். எனப்படும் சிற்றலைச் செட்டின் அன்டெனா. சிற்றலை வான்மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால், 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புடனும் அந்த வாகனத்தால் கதைக்க முடிந்தது. கிட்டிய தூரத்துக்கு அதே வாகனத்தில் வீ.எச்.எப். செட் ஒன்றும் இருக்கும். வாகனம் எங்கே நிற்கிறது என்று குறித்த நேர இடைவெளியில் அலுவலகத்துக்கு அறிவிப்பது அவர்களின் கட்டாய நடைமுறை.

இன்னொரு நினைவும் உண்டு. கையில் வோக்கியோடு நிற்பவரை எல்லாத் தரப்பும் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. 2007ஆம் ஆண்டில் படுவான்கரை அரச படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும், தொலைத்தொடர்புக் கருவி என்றாலே தயங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பரிகசிக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் சட்டப்படியும் வெளிப்படையாகவும் செய்வதே அதற்கு மருந்து.

முதலில் அனுமதி

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அலைவரிசை ஒன்றையோ அலைபரப்பும் கருவி ஒன்றையோ பயன்படுத்த உரிமம் வேண்டும். அதை வழங்குவது, 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் உருவான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. பரீட்சித்துப் பார்ப்பதும் அலைபரப்புத்தான் என்பதால், உரிமம் கிடைத்த பிறகே பரீட்சையும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கைச் செட்டுகள் பல, பொலிஸ் உட்பட வேறு சேவைகளின் அலைவரிசைகளிலும் பேசக்கூடியவை. கருவியால் முடியும் என்பதற்காகச் சட்டம் இடம்கொடுக்காது. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது அமெரிக்காவுக்கு மட்டுமே பொருந்தும்.

தனியாள் ஒருவர் அலைவதைவிட, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான கமக்காரர் அமைப்பு ஒன்றின் பெயரில் விண்ணப்பிப்பது பொறுப்பையும் தெளிவாக்கும். பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், வனஜீவராசிகள் திணைக்களம் ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது. எத்தனை செட், யார் யார் கையில் என்ற பதிவேடு ஒன்றும் அமைப்பிடம் இருக்க வேண்டும்.

பொழுதுபோக்கு வானொலியாளர்களின் வழி வேறு. அவர்கள் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து தனி அழைப்புக்குறி பெறுவார்கள். 1950ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை வானொலிச் சங்கம் அவர்களுடைய அமைப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து, விக்டர் குணதிலக்க தலைமையிலான வானொலியாளர்கள் சிற்றலையில் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள். வயல் காவலுக்கு அவர்களின் அலைவரிசையைப் பயன்படுத்த முடியாது. அவர்களின் அனுபவத்தைக் கேட்டறியத் தடையில்லை.

வாகனத்தில் பூட்டும்போது

கைச் செட்டின் வலு பொதுவாக 5 வாட் அளவில் இருக்கும். வாகன செட் 25 முதல் 50 வாட் வரை. வலுவைவிட முக்கியமான வேறுபாடு அன்டெனாவில் இருக்கிறது. வாகனத்துக்குள் இருந்து கைச் செட்டில் கதைத்தால், இரும்புக் கூடே அலையின் பெரும்பகுதியை மறித்துவிடும். அன்டெனா கூரைக்கு மேலே வந்தால்தான் வாகனத்தில் பூட்டியதற்குப் பொருள் உண்டு.

மின்சாரம்: 50 வாட் செட் கதைக்கும்போது 10 முதல் 12 அம்பியர் வரை இழுக்கும். சிகரட் லைட்டர் துவாரத்தின் மெல்லிய வயர் இதைத் தாங்காது. பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் வைக்க வேண்டும். இயந்திரப் பகுதியிலிருந்து உள்ளே வரும் துவாரத்தில் றப்பர் வளையம் இல்லாவிட்டால், குலுங்கும் பாதையில் தகடு வயரை அறுத்துத் தீப்பிடிக்க வழி செய்யும். லொறிகளும் சில பெரிய ஜீப்புகளும் 24 வோல்ட் உள்ளவை. அவற்றுக்கு 12 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி தேவை. லாண்ட்மாஸ்டரில் வாகன செட்டுக்கு வேலையில்லை. ஓட்டுபவர் தோளில் கைச் செட் போதும்.

அன்டெனா: வீ.எச்.எப். அலையில் 150 மெகாஹேர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் 2 மீற்றர். அதன் காற்பங்கான அரை மீற்றர் அளவுக் கம்பியே அன்டெனா. அதற்குக் கீழே விரிந்திருக்கும் இரும்புக் கூரையும் அன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. ஆகவே கூரையின் நடுவே துளையிட்டுப் பூட்டுவதே மிகச் சிறந்தது. பம்பரில் பூட்டினால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் கேட்கும். கன்வஸ் கூரை போட்ட பழைய ஜீப்பில் மறுபாதி இல்லை. அங்கே தகடு ஒன்று வைக்க வேண்டும், அல்லது கூரையை நம்பாத அரை அலை அன்டெனா வாங்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் அன்டெனா தார் வீதிக்குச் சரி. காட்டுப் பாதையில் முதல் கிளையே அதைத் தட்டி விழுத்திவிடும். அடியில் ஸ்பிரிங் உள்ளது கிளை பட்டால் சாய்ந்து நிமிரும்.

கேபிள்: பலர் பணத்தை இழப்பது இங்கேதான். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் 150 மெகாஹேர்ட்ஸில் மீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழக்கும். வாகனத்தில் 5 மீற்றருக்கு அது சிறிய இழப்பு. அதே கேபிளை அலுவலகக் கம்பத்துக்கு 30 மீற்றர் இழுத்தால், 40 வாட் செட்டிலிருந்து அன்டெனாவுக்குப் போவது 10 வாட் மட்டுமே. தடித்த ஆர்.ஜி. 213 பயன்படுத்தினால் பாதிக்கு மேல் போகும்.

அளவீடு: பூட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரால் பார்க்காமல் கதைக்கத் தொடங்கக் கூடாது. அன்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் வலுவை அது காட்டும். 1.5க்குக் கீழே என்றால் நல்லது. 2 என்றால் 11 வீதம் திரும்புகிறது, சமாளிக்கலாம். 3 என்றால் 25 வீதம் திரும்பி, செட்டையும் சூடாக்கும். அன்டெனாவின் அடி இணைப்பையும் கேபிள் முனையையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

பெட்டியில் எழுதிய தூரம்

சில கைச் செட்டுகளின் பெட்டியில் 35 மைல் என்று போட்டிருப்பார்கள். அது 56 கிலோமீற்றர், அதாவது மட்டக்களப்பு வாவியின் முழு நீளம். உயர்ந்த மலையிலிருந்து மறைப்பில்லாத வெளியைப் பார்த்துக் கதைத்தால்தான் அந்தத் தூரம் கிடைக்கும். சமதரையான வெல்லாவெளிக்கு அது பொருந்தாது.

வீ.எச்.எப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. பூமியின் வளைவு அதை ஓரிடத்தில் மறைத்துவிடும். அந்த எல்லையை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு அன்டெனாக்களின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் விடை வரும்.

கைச் செட்டோடு இருவர் நின்றால், உயரம் 1.5 மீற்றர் வீதம், எல்லை 10 கிலோமீற்றர். கூரையில் அன்டெனா உள்ள இரண்டு வாகனங்களுக்கு, 2 மீற்றர் வீதம், 11.7 கிலோமீற்றர். 12 மீற்றர் கம்பம் உள்ள நிலையத்துக்கும் ஒரு வாகனத்துக்கும் இடையே 20 கிலோமீற்றர்.

இவை வெறும் தரையில் கிடைக்கக்கூடிய உச்சம். வெட்டவெளி வயலிலும் வாவித் தண்ணீருக்கு மேலாலும் இதன் பெரும்பகுதி கிடைக்கும். காட்டின் ஊடாகக் கைச் செட் இரண்டு மூன்று கிலோமீற்றரிலேயே தேய்ந்துவிடலாம். மாரியில் நனைந்த இலை இன்னும் உறிஞ்சும்.

வலுவைக் கூட்டினால் சரியாகாதா என்ற கேள்வி வரும். சமதரையில் தூரத்தை இரு மடங்காக்க வலுவை 16 மடங்காக்க வேண்டும். 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் தூரம் 1.8 மடங்குதான் கூடும். ஆனால் நிலையத்தின் அன்டெனாவை 3 மீற்றரிலிருந்து 12 மீற்றருக்கு உயர்த்தினாலே தூரம் இரு மடங்காகும். கையில் இருக்கும் பணத்துக்கு விலை கூடிய செட்டா, நல்ல கம்பமும் தடித்த கேபிளுமா என்று வந்தால், கம்பத்துக்கே முதலிடம். உயரமான கம்பத்துக்கு இடிதாங்கியும் நில இணைப்பும் சேர்ந்தே போக வேண்டும்.

நடந்து அளப்பது

பரீட்சைக்கு இரண்டு வாகனம், ஒரு நிலையம், ஒரு கொப்பி போதும். நிலையத்தில் ஒருவர் அசையாமல் இருக்க வேண்டும். வாகனம் போகும் பாதையில் முன்கூட்டியே இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பாடசாலைச் சந்தி, குளக்கட்டு, வாய்க்கால் மதகு, மின்வேலியின் மூலை, பரண் இருக்கும் மரம். மனிதர் உண்மையில் நிற்கும் இடங்களாக அவை இருக்க வேண்டும். வசதியான வீதியோரத்தில் மட்டும் அளந்த பரீட்சை இரவில் உதவாது.

ஒவ்வோர் இடத்திலும் வாகனத்தை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டும் நிறுத்தியும் கதைக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது மட்டும் விசில் போன்ற சத்தம் கேட்டால், அது அல்டர்நேட்டரிலிருந்து வயர் வழியாக வருவது. கேட்கும் தரத்தை ஐந்து படியாக எழுதலாம். 5 என்றால் முழுத் தெளிவு, 3 என்றால் திருப்பிச் சொல்லக் கேட்டு விளங்கியது, 1 என்றால் யாரோ கதைப்பது மட்டும் தெரிகிறது. இரண்டு பக்கத்துப் புள்ளியையும் தனித்தனியே எழுத வேண்டும். 50 வாட் நிலையத்தின் குரல் 5 வாட் கைச் செட்டுக்கு நன்றாகக் கேட்கும். கைச் செட்டின் பதில் நிலையத்துக்குப் போயிருக்காது. பரணில் இருப்பவர், எனக்குக் கேட்கிறது, ஆகவே அவர்களுக்கும் கேட்கும் என்று நினைப்பது ஆபத்தான நினைப்பு.

டிஜிட்டல் செட் என்றால் இன்னொரு கவனம். பழைய அனலொக் செட்டில் தூரம் கூடக்கூட இரைச்சல் ஏறி, எல்லை நெருங்குவதைக் காது உணரும். டிஜிட்டலில் கடைசி வரை குரல் தெளிவாக இருந்து சட்டென்று அறுந்துவிடும். எல்லைக்குக் கிட்டிய இடங்களைப் பல தடவை பரீட்சிக்க வேண்டும்.

ஒரு நாள் பரீட்சை போதாது. பயிர் குறைந்த வெயில் காலத்தில் ஒன்று, மாரியில் ஒன்று என இரு தடவையாவது செய்ய வேண்டும். முதல் சுற்று பகலில்தான். யானை நடமாடும் வேளையில் அளவெடுக்கப் போவது மடைமை.

கிடைத்த புள்ளிகளை ஊர் வரைபடத்தில் மூன்று நிறத்தில் போட்டு, பரணிலும் வாகனத்திலும் ஒட்டிவிடலாம். அதில் சிவப்பு நிறத்துக்கே பெறுமதி அதிகம். இந்த மதகடியில் கேட்காது, முந்நூறு மீற்றர் ஏறிக் கட்டுக்கு வந்தால் கேட்கும் என்ற ஒரு வரி, ஆபத்து நேரத்தில் ஓர் உயிரின் பெறுமதி. சிவப்பு இடம் அதிகமாக இருந்தால் றிப்பீற்றர் பற்றி யோசிக்கலாம். ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் உடனே மறுபடி ஒலிக்கும் கருவி அது. உயரமான பாறை ஒன்றில் வைத்தால் இரு பக்கமும் கதைக்கலாம். அதற்குத் தனி உரிமமும் சூரிய மின்சாரமும் காவலும் தேவை.

எண்ணைச் சொல்லும் முறை

பொத்தானை அமத்தி ஒரு விநாடி பொறுத்துத்தான் கதைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அசை வெட்டுப்படும். இது போரதீவுப்பற்றில் வெறும் நுணுக்கம் இல்லை. இங்கே 35ஆம் கிராமம், 37ஆம் கிராமம், 39ஆம் கொலனி என்று குடியேற்றத் திட்டக் காலத்து எண்களே ஊர்ப் பெயர்களாக இருக்கின்றன. முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்தொன்பது ஆகிய மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். மூன்று, ஏழு என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதை வழக்கமாக்க வேண்டும். யானை எந்தப் பக்கம் என்று சொல்லும்போது வலம், இடம் கூடாது. காட்டுப் பக்கம், வாவிப் பக்கம் என்று சொன்னால் எவருக்கும் குழப்பமில்லை. யானைக்குக் கிட்ட நிற்பவர் காதுச் செருகியைப் பயன்படுத்த வேண்டும். இருட்டில் திடீரென்று ஒலிக்கும் குரல், ஒளிந்து நிற்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காவல்காரருக்குப் பயன்படும் இன்னொரு சிறு வழியும் உண்டு. மின்வேலியில் கம்பி எங்காவது புல்லிலோ உடைந்த இன்சுலேற்றரிலோ பட்டுக் கசிந்தால், விநாடிக்கு ஒன்றாகப் பொறி தெறிக்கும். சாதாரண மத்திய அலை வானொலிப் பெட்டியை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வேலியோரமாக நடந்தால், கசிவு நெருங்கும்போது டிக், டிக் என்ற சத்தம் கூடிக்கொண்டே போகும். பழுதான இடத்தைப் பகலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

குரல் செய்யக்கூடியது

வோக்கி யானைப் பிரச்சினையைத் தீர்க்காது. 2020ஆம் ஆண்டு கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசிய செயற்றிட்டம், யானைகளைக் காட்டுக்குள் துரத்தி அடைப்பதை விட்டு, ஊரையும் வயலையும் சுற்றி மக்களே பராமரிக்கும் மின்வேலிக்கு முதலிடம் தந்தது. தமிழ்நாட்டின் வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைத் தோட்டத் தொழிலாளருக்குக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் திட்டத்தை ஆனந்தகுமாரும் இயற்கை பாதுகாப்பு நிறுவனமும் நடத்திவருகிறார்கள். அத்திட்டத்தின் அடிப்படை எளிது: யானை எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் அந்தப் பாதையால் போகமாட்டார்.

வால்பாறையில் குறுஞ்செய்தி செய்யும் வேலையை, கைப்பேசி சிக்னல் தடுமாறும் படுவான்கரையில் வோக்கி செய்யலாம். 2011 ஜனவரி வெள்ளம்போல வீதிகள் தண்ணீருக்குள் போகும் நாட்களில், களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கும் அதே செட் உதவும். செட் வாங்கித் தருகிறோம் என்று வரும் எந்த நிறுவனத்திடமும் ஊர் கேட்க வேண்டியவை நான்கு: உரிமம் யார் பெயரில், கம்பம் எத்தனை மீற்றர், தூரத்தை யார் எப்போது அளந்து தருவார், இரண்டு வருடம் கழித்துப் பற்றரியை யார் மாற்றுவார். நான்கிற்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகு பெட்டியைப் பிரிக்கலாம்.